பதினொன்றுக்கு அடிக்கும் பன்னிரண்டு

புர்னோவில் பேராலய மணி
பதினொன்றுக்கே பன்னிரண்டு அடிக்கும்.
முற்றுகையிட்டவனை ஏமாற்ற
என்றோ யாரோ அடித்த பொய்யாம்.
ஊர் பிழைத்தது,
பொய்யும் பிழைத்தது.

அது ஓய்ந்தபோது
நான்காம் மாடியில் ரடானா
ஒரே சிவப்பு வரியை
பதினேழாம் முறை வாசித்துக்கொண்டிருந்தாள்:
தொகுத்த கோப்புகள் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லையா?
இதோ இருக்கின்றன அவள் மடிக்கணினியில்,
கம்பைல் ஆன ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம்,
அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு.

காஷை அழித்துப் பார், என்றான் டாலிபோர்
தலை நிமிராமல்.
அழித்தாள்.
மறுபடி ஓட்டிப் பார்.
ஓட்டினாள்.
பதினெட்டு.

மூலநிரலை மட்டும் வைத்துக்கொண்டு
சோதனைக் கருவி வாய் திறக்காது.
எந்த வெறுமை எந்தக் கைக்குப் போய்ச் சேரும்,
எந்தக் கதவு யாருடைய உத்தரவுக்குத் திறக்கும்
என்பதெல்லாம்
வெந்த பிறகுதான் அதற்குத் தெரியும்.
ஏட்டுச் சுரைக்காயை நீட்டி
உப்பு சரியா என்று கேட்டால்
அது என்ன சொல்லும், பாவம்.

ஆனால் நேற்றுவரை சொன்னதே!
நேற்றுவரை ஒவ்வொரு இரவும் பச்சை.
நள்ளிரவில் கருவிக்குப் புதுப் பதிப்பு ஏற்றினார்கள்,
விடிந்தால் சிவப்பு.
புதியதுதான் கெட்டது என்று
எல்லாரையும்போல அவளும் நினைத்தாள்.

அமைப்புக் கோப்பைத் திறந்தாள்.
எண்பத்தெட்டாம் வரியில்
கோப்புகள் இருக்கும் ஃபோல்டரின் முகவரி.
போனாள்.
உள்ளே ஒரே ஒரு கோப்பு.
அளவு: பூஜ்ஜியம்.
மேலே போஹுமிலின் குறிப்பு:
தற்காலிகம். வெள்ளிக்கிழமை சரிசெய்கிறேன்.

எந்த வெள்ளி என்று எழுதவில்லை.
அவன் வேலையை விட்டே
அறுபது வெள்ளி ஆகிறது.

அதாவது
பதினான்கு மாதமாக இரவுதோறும்
ஒரு காவலாளி
காலி அறைக்குள் டார்ச் அடித்துவிட்டு
பிழை ஏதும் இல்லை என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறான்.
அந்தக் கையெழுத்தின் மேல்
நானூறு கட்டடங்களில்
லிஃப்டுகள் ஏறி இறங்குகின்றன.
புதுப் பதிப்பு செய்த குற்றம்,
காலி அறையைக் காலி என்று சொன்னது.

அவளுக்குப் போஹுமில் மேல் கோபம் வரவில்லை.
வந்திருக்கலாம்.
ஆனால் அந்த வாரம் அவளும் இருந்தாள்.
வெளியீட்டுக்கு இரண்டு நாள்,
வாசலில் ஸ்டானெக்,
பச்சையா பச்சையா என்று
மணிக்கொருமுறை.

காரணம் கடைசியில் சின்னது.
இரண்டு இயந்திரங்கள்.
ஒன்று கம்பைல் செய்துவிட்டு
செய்ததோடு சேர்ந்து அழிந்துபோகிறது.
மற்றது வெறுங்கையோடு பிறந்து
எங்கே எங்கே என்று தேடுகிறது.
முன்னதன் மூட்டையைப்
பின்னது வாங்கிக்கொள்ள
இரண்டு வரி போதும்.
எழுதினாள்.
எண்பத்தெட்டாம் வரியை அழித்தாள்.
வெள்ளிக்கிழமையை மட்டும்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
அதையும்.

ஒன்பது நிமிடம் ஓடியது.
அந்த வரி போய்விட்டது.
அதன் இடத்தில்
முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
டாலிபோர் இப்போது நிமிர்ந்தான்.
சரிசெய்தாயா, உடைத்தாயா?

அவள் கீழே இழுத்துக்கொண்டே போனாள்.
பெரும்பாலும் தூசு.
தொண்ணூற்று நான்காவது அப்படியில்லை:
எடை அளவி பதில் சொல்லாவிட்டால்
கதவு மூடியதாகவே கொள்ளப்படும்.

உண்மையான பன்னிரண்டு வந்தது.
எந்த மணியும் அடிக்கவில்லை.
சாப்பாட்டுக்குக் கிளம்பிய ஸ்டானெக்
லிஃப்டுக்குள் நின்று
அவளுக்காகக் கையால் கதவைத் தடுத்துக்கொண்டு கேட்டார்:
பச்சை ஆயிற்றா?

நம்முடைய லிஃப்ட்தானே இது, என்றாள்.
ஆமாம், ஏன்?

கையை எடுங்கள், என்றாள்.
வெளியே வாருங்கள்.
படியில் இறங்கிக்கொண்டே சொல்கிறேன்.